வெண்கலன் என்ன ஆனான்?

எனக்கு சினிமா பார்க்கிற பழக்கம் கிடையாது. அப்பா இருந்தவரை சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் கறிக்குழம்பு, அப்புறம் தூக்கம், அவ்வளவுதான் எங்கள் விடுமுறை. அப்படிப்பட்ட நான் ஒரு படத்தின் இரண்டாம் பாகத்தை மட்டும் தியேட்டரில் போய் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். எப்போதும் மழை பெய்கிற, எப்போதும் இருட்டாகவே இருக்கிற ஏதோ ஒரு ஊர். பாழடைந்த கோவில் கோபுரத்தில் தனியாகக் குடியிருக்கும் கறுப்பு அங்கிக்காரன்தான் கதாநாயகன். வெளிநாட்டுப் படம், தமிழில் பேசினார்கள். அதன் வில்லன்களைப் பற்றி இன்று யார் கேட்டாலும் என்னால் விவரமாகச் சொல்ல முடியும்.

போன மாதம் பழைய டிபார்ட்மெண்டுக்குப் போயிருந்தேன். என் இடத்தில் இப்போது இருக்கும் கவிதா புதிதாக வந்த ஸ்கேனரைக் காட்டினாள். நோயாளியின் முகத்தைச் சுற்றி ஒரு கருவியைக் காட்டினால் போதும், கம்ப்யூட்டரில் முகம் வந்துவிடுகிறது. தொடவே வேண்டாம். மனதுக்கு நிம்மதியாக இருந்தது. அந்தப் பெண்தான், "மேடம், நீங்க பாத்த கேஸ்ல ஒண்ணை எழுதிக் குடுங்க, புதுசா வர்ற பிள்ளைங்க படிக்கட்டும்" என்றாள். ஒன்றை என்றால் குமரேசனைத்தான் எழுத வேண்டும். குமரேசனை எழுதினால் அந்தப் படத்தையும் எழுதியாக வேண்டும்.

நான் தெரேஸ். புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், தீக்காயப் பிரிவுக்காக முகக்கவசம் செய்யும் வேலை பார்த்தேன். தீப்பட்ட தோல் ஆறும்போது தடித்துக்கொண்டே வரும். உதடு ஒரு பக்கம் இழுக்கும், கண் இமை கீழே தொங்கும். அதை அடக்க ஒரே வழி, இரவும் பகலும் அழுத்திக்கொண்டே இருப்பதுதான். அதற்காகக் கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக்கில், அந்த ஒரு முகத்துக்கு மட்டும் பொருந்துகிற ஒரு கவசம் செய்து கொடுப்போம். குளிக்கவும் சாப்பிடவும் தவிர மற்ற நேரமெல்லாம் போட்டிருக்க வேண்டும். சில பேருக்கு ஒரு வருஷம், சில பேருக்கு அதற்கும் மேல்.

படிப்பு, பயிற்சி பற்றியெல்லாம் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்று நினைவிருக்கிறது. வேலையில் சேர்ந்த முதல் வாரம் எங்கள் யூனிட்டின் பெரிய டாக்டர் என்னைப் படுக்கச் சொன்னார். என் முகத்தில் அச்சு எடுக்க டெக்னீஷியனிடம் சொல்லிவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கண் மூடியிருக்கிறது, வாய் மூடியிருக்கிறது, மூக்கில் மட்டும் இரண்டு துவாரம். என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்டது. உலகத்தில் என்னைத் தவிர யாருமே இல்லை என்று தோன்றியது. எடுத்த பிறகு டாக்டர், "எப்பிடி இருந்துச்சி?" என்று கேட்டார். சொன்னேன். "இது உனக்கு நல்ல தோல்மேல போட்டது. ஞாபகம் வெச்சிக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் அதிகம் பேசமாட்டார். நோயாளி உட்கார்ந்திருந்தால் அவரைவிடத் தாழ்வான ஸ்டூலில்தான் உட்காருவார். முகத்தை நிதானமாக, கண்ணை விலக்காமல் பார்ப்பார். அப்புறம்தான் பேச்சு. பரிதாபப்பட்டு அவர் பேசிக் கேட்டதில்லை, பரவாயில்லை என்றும் சொல்லமாட்டார். ஒரு பயிற்சி நர்ஸ் ஒருமுறை கட்டைப் பிரித்ததும் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளை வெளியே கூட்டிப்போய், "அவரு உன் மூஞ்சியிலதான் தன் மூஞ்சியப் பாக்கறாரு. அதை எடுத்துடாதே" என்று சொன்னார். திட்டவில்லை. அந்தப் பெண் பிறகு பல வருஷம் அந்த வார்டிலேயே இருந்தாள்.

குமரேசனுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். முதலியார்பேட்டைக்காரர். அவருடைய அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு இவர் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கே தின்னர் டிரம் தீப்பற்றியதில் வலது கன்னம், மூக்கு, தாடை, கழுத்து எல்லாம் வெந்துவிட்டது. கண் தப்பியது. ஒட்டுத்தோல் வைத்து, உயிர் பிழைத்து, எங்களிடம் வந்தார். மனைவி சுமதி வார்டில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். ஆனால் ஐந்து வயது மகள் யாழினியைக் கூட்டிவந்த அன்று குழந்தை அலறிய அலறலில் வார்டே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கே குமரேசன் மனைவியிடம், குழந்தையைக் கூட்டிக்கொண்டு விழுப்புரத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விடு, முகம் சரியான பிறகு வா என்று சொல்லிவிட்டார். முகம் பழையபடி சரியாகாது என்று அவருக்கு அப்போது தெரியாது. யாரும் சொல்லியிருக்கவில்லை. பெரிய டாக்டர்தான் பிறகு சொன்னார்.

அச்சு எடுக்கிற அன்று குமரேசன் என்னிடம் கேட்ட முதல் விஷயம், "நடுவுல ஏதாவது பேசிக்கினே இருப்பீங்களா மேடம்?"

நான் பேசத் தெரியாதவள். தலைமுடிக்குத் தொப்பி மாட்டி, புருவத்தில் வாஸ்லின் தடவி, கண்மேல் ஈரப் பஞ்சு வைத்து, பல் டாக்டர்கள் அச்செடுக்கும் அந்தக் கூழைக் கலந்து நெற்றியிலிருந்து கீழே வழித்துக்கொண்டு வந்தேன். மூக்குத் துவாரத்தைச் சுற்றி மட்டும் விரலால் மெதுவாக. அது இறுகுவதற்குள் மேலே மாவுக்கட்டுத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட வேண்டும். அது இறுகும்போது சூடு ஏறும். தீயில் வெந்தவருக்கு அந்தச் சூடு என்ன செய்யும் என்று தெரிந்ததால், "இப்ப சூடாவும், இது சுடாது, தானா அடங்கிடும்" என்று முன்னாலேயே சொல்லிவைப்பேன். சரி என்றால் ஒரு விரலைத் தூக்க வேண்டும், முடியாவிட்டால் கையையே தூக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. குமரேசனின் விரல் தூக்கியபடியே நடுங்கிக்கொண்டிருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல், எங்கள் உப்பளம் ஸ்டாப்பில் நான் பஸ் ஏறினால் ஆஸ்பத்திரி வரை எந்தெந்த நிறுத்தத்தில் நிற்கும், எங்கே கூட்டம் ஏறும் என்று சொல்லிக்கொண்டே போனேன். நிறுத்தங்கள் தீர்ந்ததும் திரும்பி வரும் வழியையும் சொன்னேன்.

கட்டை எடுத்த பிறகு, "எல்லா ஸ்டாப்பும் பாத்துட்டேன் மேடம்" என்றார்.

அந்த அச்சுக்குள் மாவு ஊற்றி எடுத்தால் அவருடைய முகம் வெள்ளையாக என் மேசைமேல் இருக்கும். தடித்திருக்கும் இடங்களை அதில் கொஞ்சம் அரம் போட்டுக் குறைப்பேன். அப்போதுதான் கவசம் அங்கே அழுத்தும். பிளாஸ்டிக் தகட்டை அடுப்பில் வைத்து இளக்கி அதன்மேல் படியவைத்து, கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் வெட்டி, ஓரத்தை வழவழவென்று தேய்த்து, பின்னால் நாடாக்கள் கோப்பேன். மாட்டியதும் உள்ளே சிவந்திருக்கும் தழும்பு வெளுக்க வேண்டும். வெளுத்தால் அழுத்தம் சரி. குமரேசனுக்கு முதல் தடவையே வெளுத்தது.

வாரம் ஒரு தடவை சரிபார்க்க வருவார். இப்போது பேசுவது அவர் முறை. அந்தப் படத்தின் முதல் பாகத்தை விபத்துக்கு முன்னால் பலமுறை பார்த்திருக்கிறார். கதையை எனக்குத் தவணை முறையில் சொன்னார். அந்த மழை ஊரில் கோவில் மணி வார்க்கிற ஒரு தொழிலாளி. ஊர்ப் பெரிய மனிதர்களின் அவசரத்தால் ஒரு ராட்சச மணி வார்க்கும்போது அச்சு வெடித்து, கொதிக்கிற வெண்கலம் அவன் முகத்தில் கொட்டிவிடுகிறது. ஊரே அவனைப் பார்த்துக் கதவைச் சாத்துகிறது. அதற்குப் பிறகு அவன் பெயர் வெண்கலன்; ஊரை அழிக்கக் கிளம்பிவிடுகிறான். கதாநாயகனோடு சண்டை போட்டு ஆற்றில் விழுந்தவன் செத்தானா இல்லையா என்று தெரியாமல் முதல் பாகம் முடிகிறதாம். சொல்லும்போது குமரேசன் கைகளை வீசி வீசிச் சொல்வார். எனக்கு அந்த நாட்களில் வீட்டுக்குப் போனால் பேச ஆள் கிடையாது. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர், எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் போன பிறகு தம்பி குடும்பத்தோடு பாரிஸில் தங்கிவிட்டான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அடுத்த வாரம் வெண்கலன் என்ன செய்வான் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு போவேன். யாருக்கும் இதைச் சொன்னதில்லை.

பிறகு இரண்டாம் பாகத்தின் விளம்பரம் வந்தது. ஊரெல்லாம் போஸ்டர். ஆற்றிலிருந்து பிழைத்து வந்த வெண்கலன் இந்தத் தடவை முகமூடி போட்டிருந்தான். கண்ணாடி முகமூடி. உள்ளே வெந்த சதை தெரிகிறது. எங்கள் கவசம் எப்படியோ அப்படியே.

குமரேசன் அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "வரச் சொல்லாதீங்க. ஏன் வரலன்னு மட்டும் கேட்டுட்டு வாங்க."

முதலியார்பேட்டையில் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவருடைய அம்மா கதவைத் திறந்தார். தெருப்பிள்ளைகள் வெண்கலன் வெண்கலன் என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே வந்திருக்கிறார்கள், அன்றிலிருந்து கவசத்தைக் கழற்றி வைத்தவர் வெளியே போவதில்லை என்று வாசலிலேயே தாழ்ந்த குரலில் சொன்னார். குமரேசன் உள் அறையில் விளக்குப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அந்த வெளிச்சத்திலேயே வாயோரம் இழுக்க ஆரம்பித்திருப்பது தெரிந்தது. நான் கண்ணை எடுக்கவில்லை. ஸ்டூல் இல்லை, தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

அவர்தான் முதலில் பேசினார். "பசங்க கூப்புட்றது கூடப் பரவால்ல மேடம். முதல்ல அவன் நல்லவன். மூஞ்சி வெந்த பின்னாடிதான கெட்டவன் ஆவறான். எனக்கு வெந்துடுச்சி. இனிமே நான் என்னா ஆவப்போறேன்?"

தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்ல எனக்கு வரவில்லை. கிளம்பும்போது அவர், படம் வெள்ளிக்கிழமை வருகிறது, தன்னால் தியேட்டருக்குப் போக முடியாது என்றார்.

"நீங்க பாத்துட்டு வந்து சொல்றீங்களா? அவன் என்னா ஆனான்னு."

ஞாயிறு மத்தியானம் போனேன். டிக்கெட் கொடுத்தவர், "ஒண்ணுதானா?" என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன். பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். உள்ளே முழுக்க இளவட்டங்கள். சில பேர் தெருவோரம் விற்கிற பிளாஸ்டிக் வெண்கலன் முகமூடியை மாட்டிக்கொண்டு விசிலடித்தார்கள். காட்டன் புடவையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நான்.

இந்தப் பாகத்தில் வெண்கலனுக்குத் துணையாக இன்னொரு வில்லி. ஊமைராணி என்று பெயர். பெரிய பாடகியாக இருந்தவள். மணிக்கூண்டில் நடந்த விபத்தில் குரல் போய்விட்டது. இருவரும் சேர்ந்து ஊரின் எல்லா மணிகளையும் ஒரே நேரத்தில் அடித்து, அந்த அதிர்வில் கோபுரங்களை விழவைக்கத் திட்டம் போடுகிறார்கள். கடைசியில் கறுப்பு அங்கிக்காரன் வெண்கலனைப் பிடித்து அவன் முகமூடியை உடைக்கிறான். திரை முழுக்க அந்த முகம். தியேட்டரில் ஐயோ என்று ஒரு சத்தம் எழுந்தது. பக்கத்திலிருந்த பெண் கண்ணை மூடிக்கொண்டாள். கோபுரத்துப் பெரிய மணி சங்கிலி அறுந்து வெண்கலன்மேல் கவிழ்ந்தது. அவன் உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு அச்சுக்குள் படுத்திருந்தபோது கேட்ட என் மூச்சுச் சத்தம் ஞாபகம் வந்தது. கூட்டம் போகும்வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் வேலை முடிந்து முதலியார்பேட்டைக்குப் போனேன். எதையும் விடாமல் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டார்.

"மூஞ்சியக் காட்டுனப்ப ஜனங்க என்னா பண்ணாங்க?"

"ஐயோன்னாங்க. என் பக்கத்துல இருந்த பொண்ணு கண்ணை மூடிக்கிச்சி."

"நீங்க?"

"நான் அந்த மாஸ்க்கையே பாத்துட்டு இருந்தேன். கன்னத்துல படவேயில்ல, தொளதொளன்னு நிக்கிது. பின்னால ஒரே ஒரு நாடா. அதைப் போட்டுக்கிட்டு கோபுரத்துல ஏறுறான். மூக்கோரம் ரெண்டே நாள்ல புண்ணாயிருக்கும்."

குமரேசன் சிரித்துவிட்டார். சிரித்ததும் வாயோரத்தைப் பிடித்துக்கொண்டார். இழுக்கிறது என்றார். மாட்டாமல் இருந்தால் இன்னும் இழுக்கும் என்று நான் சொன்னேன். அது எனக்குத் தெரிந்த விஷயம். அதனால் சொல்ல முடிந்தது.

அப்புறம் ஊமைராணி பற்றிக் கேட்டார். ஒரு காட்சியில் வெண்கலன் தானாகவே முகமூடியைக் கழற்றுவான், ஊரில் அத்தனை பேரிலும் அவள் ஒருத்திதான் திரும்பாமல் பார்ப்பாள் என்று சொன்னேன். அந்தக் காட்சிக்கு யாரும் விசிலடிக்கவில்லை என்றும் சொன்னேன். குமரேசன் எழுந்து அலமாரியிலிருந்து கவசத்தை எடுத்து வந்தார். மாட்டிப் பார்த்தோம். தழும்பு மேலே வந்திருந்ததால் பொருந்தவில்லை. அதற்கடுத்த நாளே வந்து மறுபடி அச்சுக்குப் படுத்தார். இந்தத் தடவை பஸ் நிறுத்தம் வேண்டாம், படத்தை முதலிலிருந்து சொல்லுங்கள் என்று கேட்டார். மாவு இறுகுகிற நேரத்துக்குள் மழை ஊரையும் கோபுரத்தையும் இரண்டு வில்லன்களையும் சொல்லி முடித்தேன். விரல் நடுங்கவில்லை.

படம் ஓடி அடங்குகிற சமயத்தில் அவரே கேட்டார், காலைக் காட்சிக்குத் தன்னோடு வரமுடியுமா என்று. பெரிய டாக்டரிடம் லீவு கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "வேர்த்தா துடைக்கச் சொல்லுங்க" என்றார்.

புதுக் கவசத்தோடு குமரேசன் தியேட்டர் வாசலில் வந்து நின்றதும், அங்கே நின்றிருந்த இளைஞர்கள் கை தட்டினார்கள். வேஷம் போட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். குமரேசன் என்னைப் பார்த்தார். எனக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரும் நிமிர்ந்து நின்றார். வீட்டைவிட்டு வெளியே வராத மனிதர், ஊர் நடுவில் பத்துப் பேர் சூழ நிற்கிறார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

இடைவேளையில் அவர்களில் ஒரு பையன், கல்லூரியில் படிப்பவனாக இருக்கலாம், டீ வாங்கிக்கொண்டு பக்கத்தில் வந்தான். "அண்ணா, இது செம குவாலிட்டியா இருக்குதே. எங்க வாங்குனீங்க? கழட்டுங்க, ஒருவாட்டி பாக்கலாம்."

நான் நடுவில் புகுந்து ஏதாவது சொல்லியிருப்பேன். குமரேசன் கையால் தடுத்தார். பின்னால் கைவைத்து நாடாக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கவசத்தை எடுத்து அந்தப் பையனிடம் நீட்டினார்.

"கொஞ்சம் புடிங்க தம்பி. வேர்வை துடைச்சிக்கிறேன்."

பையன் ஒரு கையில் டீயோடும் ஒரு கையில் கவசத்தோடும் அப்படியே நின்றான். குமரேசன் கைக்குட்டையால் நெற்றி, கன்னம், கழுத்து என்று நான் சொல்லிக்கொடுத்தபடியே ஒற்றி ஒற்றித் துடைத்தார். அவசரப்படவில்லை. சுற்றி நின்றவர்களில் ஒன்றிரண்டு பேர் நகர்ந்தார்கள். அந்தப் பையன் நகரவில்லை. முகத்தைப் பார்த்தான், கீழே பார்த்தான், மறுபடி முகத்தைப் பார்த்தான். டீயைத் தரையில் வைத்துவிட்டு, கவசத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"வலிக்குமா அண்ணா?"

"இப்ப இல்ல. அரிக்கும்."

குமரேசன் கவசத்தை வாங்கி மாட்டினார். பின்னால் கழுத்து நாடா கைக்கு எட்டாமல் போக, அந்தப் பையனே சுற்றி வந்து மாட்டிவிட்டான். மணியடித்தது; உள்ளே போனோம். வெண்கலன் மணிக்குள் தட்டிக்கொண்டிருந்தபோது குமரேசன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், கதை எழுதியவனுக்கு அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை போலிருக்கிறது என்றார்.

அடுத்த வாரமே சுமதிக்குச் சொல்லியனுப்பினார். குழந்தை வந்த முதல் நாள் அம்மா புடவைக்குப் பின்னாலேயே இருந்ததாம். சாயங்காலமாக மெல்ல எட்டிப் பார்த்து, நீதான் வெண்கலனா என்று கேட்டிருக்கிறது. அவர் சொன்ன பதிலை எனக்கு அப்படியே நடித்துக் காட்டினார்: "இல்லம்மா. அவன் படத்துல இருக்கறவன். நான் முதலியார்பேட்ட."

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கும் மேல் வந்துபோனார். உதடு நேரானது, கன்னம் படிந்தது. பழைய முகம் வரவில்லை. வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சுமதி புதுச்சேரிக்கே திரும்பி வந்துவிட்டார். குமரேசன் ஒரு ஹார்ட்வேர் கடையில் ஸ்டோர் பார்க்கும் வேலையில் சேர்ந்தார். ஒருநாள் பெரிய டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து அவரை நிதானமாகப் பார்த்துவிட்டு, இனி வரவேண்டாம் என்றார். குமரேசன் என் அறை வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். எங்கள் வேலையில் ஒருவர் திரும்ப வராவிட்டால்தான் நாங்கள் சரியாகச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம். அடுத்த வாரம் அவர் வழக்கமாக வரும் நேரத்தில் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு சாயங்காலங்களில் கடற்கரைக்கு நடக்கிறேன். வீட்டில் டிவியோடு உட்கார்ந்திருப்பதற்கு அது மேல். போன வருஷம் ஒரு விடுமுறை நாள், நல்ல கூட்டம். பட்டாணி சுண்டல் வண்டிக்குப் பக்கத்தில் குமரேசனைப் பார்த்தேன். கவசம் இல்லை; வெறும் முகம். பக்கத்தில் சுமதி. வளர்ந்துவிட்ட மகள் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்து, பேச்சே கேட்காத அலைச் சத்தத்தில் ஏதோ கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து, வெந்த பக்கக் கன்னத்தை அவள் வாயருகே கொண்டுபோய்க் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

கூப்பிடலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். கூப்பிட்டால் நான் யார் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். நின்றுவிட்டேன். அவர்கள் மூன்று பேரும் கூட்டத்துக்குள் நடந்தார்கள். எதிரே வந்தவர்கள் அவர்களைத் தாண்டிப் போனார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாருமே திரும்பிப் பார்க்கவில்லை.